ஐந்தாவது பங்கு

கொங்கு நாட்டில் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் கிணற்றில் வந்து நிற்கும். தோட்டத்தை வரப்புப் போட்டுப் பிரிக்கலாம், வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் இன்ன கிழமை மூத்தவனுக்கு, இன்ன கிழமை இளையவனுக்கு என்று முறைத் தண்ணீர் எழுதிக்கொள்வார்கள். அந்த முறை தவறி, அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அப்படிப்பட்ட மண்ணில், 1926-ல், கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. அண்ணன் தம்பிகள் நான்கு பேர். போட்ட பங்குகள் ஐந்து.

பூளைமேடு (பீளமேடுதான்) சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் அவர்கள்: வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. தந்தை சேர்த்ததை ஐந்தாகப் பகிர்ந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் ரூபாய். பூ.சா.கோ. அறநிலையம், ஊர்ப் பேச்சில் பி.எஸ்.ஜி., அந்தப் பத்திரத்தில் பிறந்தது. நான்கு பங்குகள் அந்தந்த வீட்டின் கதையாகப் போயின. ஐந்தாவது பங்கு மட்டும் நூறு ஆண்டுக் காலத்தில் பட்டறையாகி, பாலிடெக்னிக்காகி, கல்லூரிகளாகி, ஆஸ்பத்திரியாகி, ஒரு புத்தகமாகக்கூட மாறி ஊர் சுற்றியிருக்கிறது. அது போன வழியைத் தொடர்ந்து போனால், ஒரு வட்டாரம் தனக்கான கல்லூரியை எப்படி உண்டாக்கிக்கொள்கிறது என்பதும், உண்டாக்கிய கல்லூரி அந்த வட்டாரத்தைவிட்டு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிப் போகிறது என்பதும் தெரியும்.

தர்மத்துக்குப் பங்கு ஒதுக்குவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், கோயில் திருப்பணி, அன்னதானம் என்று அதற்குப் பழகிய வழிகள் இருந்தன. படிப்புக்குப் போன தர்மமும் உண்டு. 1794-ல் இறந்த பச்சையப்ப முதலியார் விட்டுப்போன பணம் நெடுங்காலம் வழக்கில் கிடந்து, 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடமாக எழுந்தது. பீளமேட்டுக்காரர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அறநிலையம் பிறந்த அதே 1926-ல், தர்மப் பணத்தில் இரும்பு வேலை கற்றுத்தரும் ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்று பெயர். சம்பாதித்த குடும்பங்கள் மகனை வக்கீலாக்கவும் தாசில்தாராக்கவும் ஆசைப்பட்ட காலம் அது. அந்தக் காலத்தில் கையில் எண்ணெய்க் கறை படியும் வேலையைத் தர்மமாகச் சொல்லித்தரலாம் என்று நினைத்ததற்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் ஊரின் தேவை. கோயம்புத்தூரில் 1888-ல் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் நூற்பாலை ஒன்றை நிறுவினார். பிறகு உள்ளூர்க் குடும்பங்கள் ஆலை வைத்தன. பீளமேட்டில் இதே குடும்பத்தின் ரங்கவிலாஸ் ஆலை 1922-ல் வந்தது. இந்த வட்டாரத்தில் கம்போடியா பருத்தி நன்றாக விளைந்தது. பருத்தி வந்ததால் ஜின்னிங் பாக்டரி, அதனால் நூற்பாலை. ஆனால் ஆலைக்குள் ஓடிய எந்திரங்கள் லங்காஷயரிலிருந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலில் அடுத்தது வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் இங்கேயே ஒருவர் அதைப் பார்த்து அச்செடுத்து வார்த்துத் தந்துவிட்டால்? அப்படித்தான் கோயம்புத்தூரில் பவுண்டரிகள் முளைத்தன. உடைந்ததை ஒக்கிடத் தொடங்கிய கைகளே பின்னால் புதிதாகச் செய்யவும் பழகின.

இன்னொரு தேவை கிணற்றிலிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி இது. ஆற்றுப் பாசனம் நொய்யல் ஓரமும் சில ஓடைக் கரைகளும்தான். மற்றதெல்லாம் பாறையைக் குடைந்து தோண்டிய கிணற்றுப் பாசனம். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டு காளைகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு தண்ணீர் நிரம்பிய சாலை மேலே தூக்கும், வால்கயிற்றைத் தளர்த்தினால் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும், காளைகள் பின்வாக்கில் ஏறி வரும். கோழி கூப்பிடும்போது தொடங்கி வெயில் ஏறும்வரை இதே. காளைக்கும் ஆளுக்கும் எலும்பு தேயும் வேலை. மழை பொய்க்கப் பொய்க்கக் கிணறு ஆழமாகும், ஆழமானால் கவலை எட்டாது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியபோது கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகின. தோட்டக்காரர்களும் மின்கம்பியை அண்ணாந்து பார்த்தார்கள். காளைக்குப் பதிலாக ஒரு மோட்டார், ஒரு பம்ப். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே செய்த மோட்டாரை இந்தியாவில் முதலாவது என்று இந்த ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

பம்ப் என்பது எளிய பொருள் என்று நினைப்பவர்கள் ஒரு முறை பவுண்டரிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் மரத்தில் பேட்டர்ன் செய்ய வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். ஓரடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்று கணக்கு. அதனால் பேட்டர்ன் செய்யும் ஆசாரி வழக்கமான அளவுகோலை வைத்துக்கொள்ள முடியாது. சுருக்கத்தைச் சேர்த்து நீட்டிய தனி அளவுகோல் வைத்திருப்பார். அடுத்து மணலில் அச்செடுக்க வேண்டும். மணலில் ஈரம் கூடினால் ஆவி உள்ளே அடைத்து வார்ப்பில் ஓட்டை விழும், குறைந்தால் அச்சு உதிரும். உள்ளே தண்ணீர் சுழலும் பாதைக்குக் கோர் வைக்க வேண்டும். உலையிலிருந்து இரும்பைச் சரியான சூட்டில் ஊற்ற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு லேத். இம்பெல்லரும் தண்டும் ஒரே மையத்தில் சுழலாவிட்டால் பம்ப் நடுங்கும், பேரிங் போகும், தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டு பட்டறைக்கு வருவார். இதில் எந்த ஒன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு மட்டும் கற்பிக்க முடியாது. ஆனால் கரும்பலகை இல்லாமலும் முடியாது. சுருக்கக் கணக்கு, சுழற்சிக் கணக்கு, உலோகத்தின் குணம் இவற்றை யாராவது சொல்லித்தந்தால்தான் ஒரு பட்டறையின் தப்பு அடுத்த பட்டறையில் திரும்ப நடக்காது.

ஐந்தாவது பங்கு கண்டுபிடித்த வழி இதற்குத்தான் விடை. கற்றுத்தரும் இடத்திலேயே விற்பனைக்குப் பொருள் செய்தார்கள். இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டில் பம்ப், மோட்டார், லேத், வார்ப்புகள் எல்லாம் உருவாகின. தொழிற்கூடமும் கல்விக்கூடமும் ஒரே வளாகம். மற்றப் பள்ளிக்கூட ஒர்க்‌ஷாப்பில் பையன் ஒரு வாரம் அரத்தால் தேய்த்துச் சதுரமாக்கிய இரும்புத் துண்டை வாத்தியார் அளந்து மதிப்பெண் போட்டுப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிடுவார். இங்கே செய்த பொருளை யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். பிசகினால் திரும்பி வரும். கற்றுக்கொள்ளும் வயதில் இதைவிட நேர்மையான தேர்வு இருக்க முடியுமா? பி.எஸ்.ஜி. என்று பெயர் வார்த்த லேத்துகள் பிற்காலத்தில் நாடு முழுக்கக் கல்லூரிகளின் ஒர்க்‌ஷாப்களுக்குப் போயின. எங்கோ வடக்கே ஒரு மாணவன் முதன்முதலாக இரும்பைச் சீவிப் பழகிய எந்திரம் பீளமேட்டில் பிறந்ததாக இருந்திருக்கலாம். ஐந்தாவது பங்கு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

1939-ல் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் தொடங்கியது. அதே ஆண்டில் உலகப் போர். வெளிநாட்டு எந்திரமும் உதிரி பாகமும் வரத்து நின்றன. பட்டறைகளுக்கு வேலை குவிந்தது, வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. பள்ளி முடித்த பையனை ஒரு சூப்பர்வைசராக்கித் தரும் டிப்ளமோவின் அருமையை இந்த ஊர் உணர்ந்த காலம் அது. பாலிடெக்னிக்கின் பாடப்பிரிவுகளைப் பார்த்தாலே ஊரின் முகவரி தெரியும்: மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் எல்லா ஊரிலும் உண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜியும் பவுண்டரி டெக்னாலஜியும் இந்த ஊர் கேட்டு வாங்கியவை. ஆலைக்கு ஒன்று, வார்ப்புக்கு ஒன்று.

1947-ல் கலைக் கல்லூரி, 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரி. பி.எஸ்.ஜி. டெக் என்று சொன்னால் இன்று தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. அதன் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், பின்னாளில், 1978 முதல் 1981 வரை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டடங்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் இரண்டு காரியங்களைச் சொல்வேன்.

ஒன்று, சாண்ட்விச் படிப்பு. வகுப்பில் ஒரு பருவம், தொழிற்கூடத்தில் ஒரு பருவம் என்று மாறி மாறிப் படிப்பது. இங்கிலாந்தில் சண்டர்லாண்ட் தொழில்நுட்பக் கல்லூரி 1903-லேயே இதைச் செய்தது. அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-ல் தொடங்கினார். இந்தியாவில் இதை வேரூன்றச் செய்த முன்னோடி பி.எஸ்.ஜி. மற்றவர்கள் நான்கு ஆண்டில் பெறும் பட்டத்துக்கு இங்கே ஐந்து ஆண்டு. கூடுதல் ஆண்டைத் தண்டனையாக நினைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை.

இன்னொன்று எழுத்து. 1940-களின் கடைசியில் தாமோதரன் ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் தொடங்கினார். கல்லூரிப் பாடத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று மேடைகளில் விவாதம் நடந்துகொண்டிருந்த நாட்களில், மாதாமாதம் அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தது அந்த இதழ். அதே கலைக்கதிர் அச்சகத்திலிருந்துதான் பி.எஸ்.ஜி. டெக்கின் ‘டிசைன் டேட்டா’ புத்தகம் வெளிவந்தது. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எஃகு வகைகளின் வலிமை, பல்சக்கரக் கணக்கு, பேரிங் அட்டவணை, ஸ்பிரிங் கம்பியின் அளவு என்று எந்திர வடிவமைப்புக்குத் தேவையான எண்கள் எல்லாம் அதில் இருக்கும். தேர்வு அறைக்குள் கையில் எடுத்துப்போக அனுமதியுள்ள புத்தகம். தமிழ்நாட்டைத் தாண்டியும், பல மாநிலங்களின் கல்லூரிகளில் மூன்று தலைமுறை மாணவர்கள் அதன் பக்கங்களைப் புரட்டியிருக்கிறார்கள். இந்த ஐந்தாவது பங்கின் மிக விரிந்த வடிவம் எது என்று கேட்டால், ஆஸ்பத்திரியைவிட இந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவேன். ஒரு பட்டறை ஊர் சேர்த்த அறிவு, அட்டவணையாகி, யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது.

பீளமேட்டிலிருந்து அவிநாசி சாலையில் இன்னும் சற்றுக் கிழக்கே போனால் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் நிறுத்தம். அந்தப் பெயரில் இன்று அங்கே கல்லூரி இல்லை. 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியிலும் கொடையிலும், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் எஞ்சினியரிங் கல்லூரியும் தொடங்கின. நாயுடுவே முதல்வர். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர், முறையான படிப்பு அதிகம் இல்லாதவர். எஞ்சினியரிங் படிப்புக்கு நான்கு ஆண்டு வீண், இரண்டு ஆண்டு போதும் என்றார். அரசு ஒப்பவில்லை. அவர் விலகிவிட்டார். கல்லூரி பிறகு தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. ஹோப் காலேஜ் பகுதியில் 1956-ல் வேறொரு அறக்கட்டளையின் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம், ஊர் வாயில் சி.ஐ.டி., வந்தது.

நாயுடு சொன்னது பாதி சரி என்பது என் எண்ணம். லேத் ஓட்டவும் மோட்டார் சுற்றவும் இரண்டு ஆண்டு தாராளம். ஆனால் சுற்றிய மோட்டார் ஏன் சூடாகிறது என்று யோசித்து வேறு மாதிரி செய்து பார்க்கும் திறமைக்கு நாள் பிடிக்கும். அவருக்கு அந்தத் திறமை பிறவியிலேயே இருந்ததால் மற்றவர்களுக்கு அது எவ்வளவு மெதுவாக வரும் என்று அவர் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு ஆண்டையும் பட்டறை வாசனையே படாமல் கழிக்கும் படிப்பைக் கண்டு அவருக்கு வந்த கோபம் மட்டும் முழுக்க நியாயம். அந்தக் கோபத்துக்குப் பீளமேடு கொடுத்த விடைதான் சாண்ட்விச்.

ஊருக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் இன்னொரு முயற்சி நடந்தது. அதைச் சொல்லாமல் கொங்கு நாட்டுக் கல்வியைப் பேசக் கூடாது. திருப்பூர்க்காரரான தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1930-ல் ஒரு சிறு குருகுலமாகத் தொடங்கியது ராமகிருஷ்ண வித்யாலயம். பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-ல் காந்தி அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்றதும், 1948-ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. அதில் உறுப்பினராக வந்தவர் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர், அணைகள் கட்டிய எஞ்சினியர். ஆண்டியோக் கல்லூரியின் தலைவராக இருந்து வேலையும் படிப்பும் மாறி மாறி நடக்கும் முறையை அங்கே கொண்டுவந்தவர். 1949-ல் வந்த குழுவின் அறிக்கையில் கிராமப்புறப் பல்கலைக்கழகங்களுக்கு என்று தனியாக ஓர் அத்தியாயம் இருப்பதில் அவருடைய கை உண்டு. கிராமத்துப் பிள்ளையைப் பட்டணத்துக்கு ஏற்றுமதி செய்யும் படிப்பு வேண்டாம், கிராமத்தை மேலே தூக்கும் படிப்பு வேண்டும் என்பது அதன் சாரம்.

அதிலிருந்து 1956-ல் தேசிய கிராமிய உயர்கல்வி மன்றமும், நாட்டின் பல இடங்களில் கிராமிய நிறுவனங்களும் வந்தன. தமிழ்நாட்டில் இரண்டு: காந்திகிராமம், பெரியநாயக்கன்பாளையம். மூன்றாண்டு கிராமப் பணி டிப்ளமோ, மூன்றாண்டு சிவில் மற்றும் கிராமிய எஞ்சினியரிங் டிப்ளமோ, இரண்டாண்டு வேளாண்மைச் சான்றிதழ் என்று திட்டம் போட்டார்கள். கிணறு, வாய்க்கால், சிறு பாலம், கூட்டுறவு, கால்நடை, ஊர்க் கணக்கு எல்லாம் பாடம். இன்று படித்தாலும் ஆசை வருகிற பாடத்திட்டம். அது நிலைக்கவில்லை. டிப்ளமோ பட்டத்துக்குச் சமம் என்று அரசு சொன்னாலும் பல்கலைக்கழகங்களின் வாசலில் அந்தச் சமத்துவம் தேய்ந்துபோனது. பி.ஏ. என்ற இரண்டெழுத்து இல்லாத பிள்ளைக்கு வேலை கிடைப்பதும் சிரமம், மேற்படிப்புக்கு இடம் கிடைப்பதும் சிரமம். கடைசியில் நிறுவனங்கள் வழக்கமான பட்டப்படிப்புக்கே திரும்பின. காந்திகிராமம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது, பெரியநாயக்கன்பாளையம் கலை அறிவியல் கல்லூரியானது. இரண்டும் நல்ல நிறுவனங்கள்தான். ஆனால் ஊர் வேலைக்கு என்று வகுத்த ஒரு படிப்பு, அது தகுதியற்றது என்று யாரும் சொல்லாமலேயே, சான்றிதழின் பெயரில் தோற்றது என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

பி.எஸ்.ஜி. அந்தக் கதியிலிருந்து தப்பியதற்குக் காரணம், அதன் டிப்ளமோவை மதிக்கப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. நான்கு மைல் சுற்றளவில் இருந்த ஆலைகளும் பவுண்டரிகளும் மதித்தன. சான்றிதழுக்கு விலை வைத்தது பக்கத்துத் தெரு. கிராமப் பணி டிப்ளமோவுக்கு அப்படிப் பக்கத்துத் தெருவில் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. அரசு ஒன்றுதான் முதலாளி. அரசு மனம் மாறியதும் படிப்பு படுத்துவிட்டது. பொள்ளாச்சியில் 1957-ல் நாச்சிமுத்துக் கவுண்டர் குடும்பத்தார் தொடங்கிய பாலிடெக்னிக் இன்றும் நிற்பதற்கும் அதே காரணத்தைச் சொல்லலாம். அது பஸ் தொழில் செய்த குடும்பம். பஸ்ஸைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது அவர்களுக்கு ஏட்டுத் தேவையாக இருக்கவில்லை.

பக்கத்துத் தெருவை நம்பி நடக்கும் இப்படிப்பட்ட கல்லூரிக்கு அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று பெயர். 1901-ல் சிகாகோவுக்கு அருகே ஜோலியட் என்ற ஊரில், மேல்நிலைப் பள்ளி ஒன்றோடு ஒட்டி ஆறு மாணவர்களுடன் தொடங்கியதைத்தான் அமெரிக்காவின் முதல் சமுதாயக் கல்லூரி என்பார்கள். வயது வரம்பு பார்க்காமல், மதிப்பெண் பார்க்காமல், அந்த வட்டாரத்தின் வேலைக்குத் தேவையானதைக் குறைந்த செலவில் கற்றுத்தருவது அதன் இலக்கணம். அந்தப் பெயரோடு இந்தியாவுக்கு அது வந்தது 1995-ல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில். அடுத்த ஆண்டு சென்னையில். சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் அதைத் தமிழ்நாடு முழுக்க எடுத்துச் சென்றார். பள்ளியில் நின்றுபோனவர்கள், தோற்றவர்கள், குடும்பப் பெண்கள் யாரானாலும் சேரலாம். வாழ்க்கைத் திறன், வேலைத் திறன், பிறகு நேரடிப் பயிற்சி என்று ஓராண்டில் முடியும். 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதைத் திட்டமாக்கியது. நல்ல காரியம். ஆனால் இந்தத் திட்டத்தைப் பற்றிய அறிக்கைகளில் இது வெளியிலிருந்து வந்த புதிய யோசனை என்ற தொனியைப் பார்க்கும்போது, 1926-ன் பீளமேட்டை யாராவது அவற்றை எழுதியவர்களுக்குச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

அந்தப் பீளமேடு இப்போது எங்கே இருக்கிறது? 1978-ல் பி.எஸ்.ஜி. டெக்குக்கும் கலைக் கல்லூரிக்கும் தன்னாட்சி கிடைத்தது. 1985-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. ஐந்தாவது பங்கு உயரம் உயரமாக வளர்ந்தது. பி.எஸ்.ஜி. டெக்கின் இடங்கள் எஞ்சினியரிங் கலந்தாய்வின் தொடக்கத்திலேயே நிரம்பிவிடும். மாநிலம் முழுவதிலுமிருந்து முதல் வரிசை மதிப்பெண்காரர்கள் வருகிறார்கள். படித்து முடித்து பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களால் கல்லூரிக்குப் பெருமைதான். ஆனால் பீளமேட்டு, கணபதிப் பட்டறைகளில் வேலை செய்யும் மோல்டரின் மகனுக்கு அந்த வாசல் முன்னைவிட எட்டாத உயரத்தில் இருக்கிறது. பங்கை எழுதி வைத்தவர்கள் நினைத்த பையன் அவன்தானே?

அவனுக்கு இன்னும் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக், அங்கிருந்து நேராக எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. மற்றொன்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது: மாலை நேரப் பகுதிநேர பி.இ. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள், ஷிப்ட் முடிந்து, பனியன் கம்பெனியிலிருந்தோ பம்ப் கம்பெனியிலிருந்தோ நேராக வகுப்புக்கு வருவார்கள். பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி மூன்றுமே நடத்திவந்த படிப்பு இது. கண்ணில் தூக்கம், பையில் டிபன் பாக்ஸ், வீட்டில் குழந்தை. காலையில் தான் ஓட்டிய எந்திரத்தின் வெப்பக் கணக்கை மாலையில் பலகையில் பார்க்கும்போது அவர்கள் கேட்கும் கேள்வியைப் பகல் வகுப்பில் கேட்க முடியாது. இந்த வட்டாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கல்லூரி வகுப்பு எது என்றால் அதுதான். தரவரிசைப் பட்டியல்களில் அதற்கு இடமில்லை.

இன்று கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் அச்சு மணலை இடிப்பவர்களில் பெரும்பகுதி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள். திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன்னாலும் அவர்கள்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துப் போய்விட்டதால் காலியான இடம் அது. 1926-ல் பம்ப் செய்யக் கற்றுக்கொள்ள வந்த கிராமத்துப் பையன் நின்ற அதே இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஹெல்ப்பராகவே இருக்கிறார்கள். வரைபடம் வாசிக்கத் தெரிந்தால், வெர்னியர் பிடிக்கத் தெரிந்தால் அவர்களில் பலர் இரண்டே ஆண்டில் டர்னராகவோ பேட்டர்ன் ஆளாகவோ ஆவார்கள். இந்த விஷயத்தில் ஜி.டி. நாயுடுவின் கணக்கு முழுக்கச் சரி. அவர்கள் தங்கியிருப்பது தொழிற்கூடங்களின் பக்கத்துத் தெருக்களில்.

ஐந்தாவது பங்கின் அடுத்த செலவுக் கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கிற ஒர்க்‌ஷாப்பின் கதவை ஞாயிற்றுக்கிழமையும், மற்ற நாட்களில் ஷிப்ட் முடிந்த பிறகு இரண்டு மணி நேரமும் திறந்து வைக்க வேண்டும். பத்தாவது சான்றிதழ் கேட்கக் கூடாது. இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒரு மூத்த டர்னரும், வேலைக்கு வேண்டிய தமிழைப் பேசவும் எழுதவும் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் பக்கத்துப் பவுண்டரிக்காரர்கள் வந்து அவர்கள் செய்த வார்ப்பை அளந்து பார்த்துச் சம்பளம் பேசட்டும்.